தானாக நிற்கும் போன்

புதுச் செருப்பு வாங்கினால்கூட ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார் ஃபிலிம்காரர். கார்க் கண்ணாடிக்கும் ஆபீஸ் ஜன்னலுக்கும் வெயில் ஃபிலிம் ஒட்டுகிற தொழில். சொந்தபந்தம் எல்லோருக்குமே அவர் ஃபிலிம்காரர்தான்.

அப்பேர்ப்பட்ட யோசனைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்கும் ரொட்டித் தட்டுக்கும் நடுவே, நேற்றிலிருந்து ஒரு மடக்கு போன் பாதி திறந்தபடி உட்கார்ந்திருந்தது. யாரும் பிடிக்கவில்லை, எதன் மேலும் சாய்க்கவில்லை. தானாக நின்றது. தங்கைக்குக் கொடுப்பதற்காக அதைக் கேட்காமல் கொள்ளாமல் வாங்கி வந்தவள் அவர் மனைவி, அதாவது பெரியவள்.

பிடிக்கவில்லை என்றால் இன்று சாயங்காலத்துக்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஃபிலிம்காரர் விடிந்ததிலிருந்து சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்களேன். தரை தேஞ்சிடும்" என்றாள் பெரியவள்.

"உக்காந்தா யோசனை வராது எனக்கு."

"நடந்தா மட்டும் வந்துடுச்சா?"

போன வாரக் கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பெரியவளின் தங்கை சின்னவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறாள். கட்டிக்கொண்டவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருக்குக் காது கேட்கும், சைகை மொழியும் நன்றாக வரும். அவர்களுடைய பெண் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. குழந்தைக்குக் காது பழுதில்லை, பேச்சு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஆகவே வெளியூரில் டீச்சராக இருக்கும் அத்தை, அதாவது மருந்துக்கடைக்காரரின் அக்கா வீட்டில் சில வருஷம் வளரட்டும் என்று அந்த வீட்டில் முடிவெடுத்தார்கள்.

"அவளும் சரின்னுட்டா" என்று மருந்துக்கடைக்காரர் வீடியோவில் சொன்னபோது, அவர் கையிலிருந்த போனுக்குக் குறுக்கே சின்னவளின் கை வந்தது. அது என்ன சொல்ல வந்ததோ, அதற்குள் போன் கூரையைக் காட்டியது. பெரியவள் சும்மா இருப்பாளா? நேரே போய் அந்த வீட்டுக் கூடத்தில் நின்று கத்திவிட்டு வந்தாள். விளைவு, குழந்தையை அனுப்புவது பற்றி இன்று மத்தியானம் நடக்கப்போகும் பேச்சுக்கு அவள் அந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. வேண்டுமானால் போனில் வரலாம். நேரில் வர அனுமதி, சாது என்று பெயரெடுத்த ஃபிலிம்காரருக்கு மட்டும்.

"அந்த வீட்ல போன் யார் கையில இருக்கோ, அவங்க கையிலதான் என் தங்கச்சியோட வாயும் இருக்கு" என்றாள் பெரியவள். "அவளுக்குப் பேச ரெண்டு கை வேணும். போனைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போவா?"

"அதுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு போதுமே."

"ரெண்டு அனுப்பினேன். ஒண்ணு உடைஞ்சுது, ஒண்ணைக் காணோம். இதுல ஸ்டாண்டைத் தனியா ஒளிச்சு வைக்க முடியாது. போனேதான் ஸ்டாண்டு."

"போனையே ஒளிச்சு வெச்சுட்டா?"

அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். ஒரு புள்ளி கிடைத்த தெம்பில் ஃபிலிம்காரர் போனைக் கையில் எடுத்தார்.

"கனத்தைப் பாரு. பையில போட்டா ஒரு பக்கமா இழுக்கும். நடுவுல பாரு, மடிப்பு. வெளிச்சத்துல சாய்ச்சா கோடு தெரியுது. நான் ஒட்டற ஃபிலிம்ல இப்படி ஒரு கோடு விழுந்தா வண்டிக்காரர் சும்மா விடுவாரா?"

"அதுல படம் ஓட ஆரம்பிச்சா கோடு கண்ணுலயே படாது. நீங்க அணைச்சு வெச்சுப் பாக்கறீங்க."

"அவ வேலை பாக்கறது மாவுல. இந்தக் கீலுக்குள்ள மாவு போனா?"

"தண்ணி பட்டாலே தாங்கும்னான் கடைக்காரன்."

"தண்ணி வேற, தூசி வேற. தூசியைப் பத்திக் கேட்டியா?"

கேட்டிருந்தாள். கடைக்காரர் சட்டென்று பேச்சை மாற்றி, போனை நான்கு தடவை மடக்கி விரித்துக் காட்டியது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஆனால் அதைப் புருஷனிடம் சொல்வாளா?

"உள்ள இருக்கறது கண்ணாடி மாதிரியே இல்ல. நகம் பட்டா தடம் விழும்போல இருக்கு. குழந்தை இருக்கற வீடு அது" என்று அவர் தொடர்ந்தார்.

"மூடி வெச்சா உள்ள இருக்கறது பத்திரம்தானே? வெளியே இன்னொரு திரை இருக்கு, அவசரத்துக்கு அது போதும். நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். சின்ன போன்ல அவ விரல் எனக்குத் தெரியாது. இடுப்புலேர்ந்து தலை வரைக்கும் அவ முழுசாத் தெரியணும், முகத்துல என்ன ஓடுதுன்னும் தெரியணும். இவ்வளவு பெரிய திரையை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு, எந்த மேசை மேலயும் நிக்க வெச்சு, ரெண்டு கையையும் வீசிப் பேசலாம். வேற எந்த போன்ல முடியும், சொல்லுங்க?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நல்லது என்று எண்ணினால் பத்து, கெட்டது என்று எண்ணினால் பதினொன்று. அந்தப் பதினொன்றாவது, விலை. பழுதானால் ஆகிற செலவில் சாதாரண போன் இரண்டு வாங்கலாம். ஸ்கூட்டருக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்த பணம் முழுக்க அந்த மேசை மேல் உட்கார்ந்திருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவருக்கே அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"இன்னொண்ணு. சொந்தக்காரங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாதுன்னு உங்க தொழில்ல ஒரு முறை உண்டே?" என்றார். பெரியவள் சைகை மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பள்ளிக்கூடம் என்று ஓடுகிறவள்.

"உண்டு. வேற ஆளை உள்ள விடுவாங்களா அவங்க?"

பெரியவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். அங்கே அவர் அடுக்கி வைத்திருந்த ஃபிலிம் சுருள்களெல்லாம் காணாமல் போய், ஒரு கட்டிலும் குழந்தைக்குப் புது மெத்தையும் வந்திருந்தன. அதை ஒரு போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள்.

"இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க ரெண்டு பேரையும்" என்றாள், ஏதோ சலவைக்குப் போட்ட துணியை வாங்கிவரச் சொல்வதுபோல.

"போனைத் தரதா, கடையில திருப்பித் தரதா? அதைச் சொல்லு முதல்ல."

"இன்னைக்கு அவ பேசி முடிக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். ஆனா ஒண்ணு, உங்க ஃபிலிம் கடையில வெச்சு அதை நோண்டாதீங்க."

"நான் என்ன குழந்தையா?" என்று கோபித்துக்கொண்டு கிளம்பினார்.

*

பேச்சுக்கு இன்னும் நேரமிருந்தது. ஃபிலிம் ஒட்ட வருகிறேன் என்ற கார்க்காரர் வரவில்லை. கடையில் வெந்நீர்ப் புட்டி, வழிக்கும் ரப்பர், பிளேடு எல்லாம் தயாராக இருந்தன. கை மட்டும் சும்மா இருந்தது. கை சும்மா இருந்தால் ஃபிலிம்காரருக்கு ஜுரம் வந்தமாதிரி.

போனை ஒரு தடவை திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். திறக்கிற சுகம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் காலையில் மனைவியிடம் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் பார்த்தார். உள்திரையின் ஓரத்தில், கீலுக்குப் பக்கத்தில், ஃபிலிம் மயிரிழை அளவுக்குத் தூக்கியிருந்தது. அதன் கீழே கடுகளவு காற்றுக் குமிழ்.

குமிழ்! அவர் கடைக்குள்!

போன் கம்பெனிக்காரர்கள் ஒட்டி அனுப்புகிற சல்லிசுச் சமாச்சாரம் என்று நினைத்தார். எந்தப் புதுச் சாமானில்தான் இது இல்லை? குழந்தையின் நகத்துக்கு இது ஒரு வாரம் தாங்காது. அவரிடம் இருக்கிறதே தடிமனான முதல் தரச் சரக்கு, அதை அளவாக வெட்டி ஒட்டிக் கொடுத்தால் கொழுந்தியாளுக்கு அவர் பங்குக்கும் ஒரு பரிசு ஆயிற்று. இதை உரிக்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மேல்தாள் ஒன்று அந்த போனோடு வந்தது உண்மைதான். அதை நேற்றே பெரியவள் உரித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

நகத்தை நுழைத்தார். ஃபிலிம் முரண்டு பிடித்தது. முரண்டு பிடித்த ஃபிலிமை விட்டுவைத்த சரித்திரம் அந்தக் கடையில் இல்லை. சர்ரென்று வந்தது. கூடவே திரையில் ஒரு பச்சைக் கோடு வந்தது. அப்புறம் கோட்டுக்கு வலப்பக்கம் கறுத்தது, இடப்பக்கமும் கறுத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி ஃபிலிமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கட்டடத்தில் செல்போன் பழுது பார்க்கிற பெண்ணிடம் ஓடினார். அவள் போனை வாங்கிப் பார்த்தாள், அவர் கையிலிருந்த ஃபிலிமைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இது ஃபிலிம் இல்லண்ணா. திரையோட மேல்தோல்."

"திரும்ப ஒட்டிடலாமா? பிசிறில்லாம ஒட்டுவேன் நான்."

"உரிச்ச கோழிக்குத் தோலைத் திரும்பப் போத்தினா எந்திரிச்சு நடக்குமா?"

"இன்னைக்கு மத்தியானம் வேணும்மா. ஒரு பொண்ணு இதுலதான் பேசணும்."

"கம்பெனிக்கு அனுப்பணும்ணா. வாரக்கணக்காகும்." சொல்லிக்கொண்டே அவள் போனை மூடினாள். வெளித்திரை பளிச்சென்று எரிந்தது. "வெளிய இருக்கறது உயிரோட இருக்கு, பாருங்க. இப்படிக் கொஞ்சமா விரிச்சு, கூடாரம் மாதிரி கவுத்து வைங்க. நிக்கும். ரொம்ப விரிச்சீங்க, உள்ள போகணும்னு நெனச்சு வெளித்திரை அணைஞ்சிடும். அளவாத் திறங்க."

அந்த அளவை அவர் அங்கேயே நின்று ஒத்திகை பார்த்தார். கொஞ்சம் விரித்தால் வழுக்கி விழுந்தது, இன்னும் கொஞ்சம் விரித்தால் இருண்டது. நாற்பது அடிக் கண்ணாடியில் நூல் பிசகாமல் ஒட்டுகிற மனிதருக்கு இந்தச் சாண் அகலப் பொருள் தண்ணி காட்டியது.

தெருவில் இறங்குவதற்குள் பெரியவள் அவருடைய சொந்த போனில் கூப்பிட்டாள். "கிளம்பியாச்சா? போன் நல்லா இருக்கா?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "நிக்குது."

"நல்லா இருக்கான்னு கேட்டேன்."

"நல்லா நிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார். பொய் இல்லை என்று வழி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

*

சின்னவள் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்னப் பெட்டி. அதன் மேல் குழந்தையின் குல்லாய். ஆக, பேச்சு என்பது சும்மா பேருக்கு. பெட்டி கட்டியாகிவிட்டது.

"வாங்க தம்பி" என்றார் மருந்துக்கடைக்காரரின் அம்மா. வரவேற்பில் குறையில்லை. "நீங்க வந்ததுல எனக்கு நிம்மதி. உங்க வீட்டுக்காரி வந்தா காது ரெண்டையும் கழட்டி வெச்சுட்டுத்தான் உக்காரணும்."

மருந்துக்கடைக்காரர் சோபா நுனியில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுகிற, யாரையும் கடிந்து சொல்லத் தெரியாத மனிதர். ஃபிலிம்காரருக்கு அவரைப் பிடிக்கவும் செய்யும். அதுதான் சங்கடம். சின்னவள் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள்; ஏப்ரன்கூடக் கழற்றவில்லை, நகக் கண்ணில் ரோஜா நிறக் கிரீம். குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஃபிலிம்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைக் கூடாரமாக்கி மேசை மேல் நிறுத்தினார். நின்றது. வெளித்திரையில் பெரியவளின் முகம் வந்தது.

"ஏன் இவ்வளவு சின்னதாத் தெரியுது? வெளித்திரையிலயா வெச்சிருக்கீங்க? திறங்களேன்."

"இது போதும்" என்றார் அவசரமாக.

"குடுங்கண்ணா, நான் பிடிச்சுக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று மருந்துக்கடைக்காரர் எழுந்து, வழக்கம்போல, மரியாதையாக, போனை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் விரித்தார். எல்லாம் இருண்டது.

"கெட்டுப்போன போனைக் கொண்டு வந்துதான் பேச்சா?" என்றார் அம்மா.

"கெட்டுப் போகலை. நான்தான் கெடுத்தேன்" என்றார் ஃபிலிம்காரர். "காலைல கடையில வெச்சு உரிச்சுட்டேன்."

"என்னத்தை உரிச்சீங்க?" என்றது இருட்டுக்குள்ளிருந்து பெரியவளின் குரல்.

அவர் பதில் தேடுவதற்குள் சின்னவள் புருஷன் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை. எதையும் கொட்டிவிடாமல் வாங்குகிறவள்போல இரண்டு கையாலும் வாங்கினாள். மூடினாள். திரும்பக் கொஞ்சமாக விரித்தாள், நூல் பிடித்தமாதிரி சரியான அளவில். மேசையின் நடுவே தன்னைப் பார்க்க நிறுத்திவிட்டு, ஏப்ரனைக் கழற்றிப் போட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள். அந்த வீட்டில் போனை அவள் நிறுத்தி வைத்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கை அசைந்தது. போனிலிருந்து பெரியவளின் குரல் வந்தது.

"நான் சரின்னு சொல்லலை."

"ஏம்மா, நீ சரின்னு சொல்லாட்டி யாருக்கு என்ன நஷ்டம்? உன் புள்ளையா?" என்று அம்மா போனைப் பார்த்துச் சீறினார்.

"அவ சொல்லலைம்மா. சின்னவ சொல்றா" என்று ஃபிலிம்காரர் குறுக்கிட்டார். "அவங்க தொழில்ல அப்படித்தான். யார் பேசறாங்களோ அவங்களாவே பேசுவாங்க. கூட்டவும் மாட்டாங்க, குறைக்கவும் மாட்டாங்க. அவ 'நான்'னா, சின்னவன்னு எடுத்துக்கணும்."

அம்மா முதல் முறையாகப் போனை விட்டுவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"என் பொண்ணு பேசறா" என்றது குரல். "எழுந்ததும் பால் கேக்கறா. நாய் போச்சுன்னு சொல்றா. கையால சொல்றா, நீங்க பாக்கறதில்ல. வாயாலயும் அவ பேசணும்னு எனக்கு ஆசை இல்லையா? என் பேக்கரிக்கு எதிர்ல குழந்தைகளைப் பகல்ல பாத்துக்கற இடம் இருக்கு. நாள் முழுக்கச் சத்தமும் பாட்டுமா இருக்காம். அங்க விடலாம்னு நான் சொன்னேன். பல தடவை சொன்னேன். அத்தை, உங்க பையன் உங்ககிட்ட அதைச் சொன்னாரா?"

அம்மா மகன் பக்கம் திரும்பினார். "இல்லையேடா. அவ எதுவுமே சொல்லலை, தலையாட்டிட்டான்னுதானே சொன்ன?"

மருந்துக்கடைக்காரரின் முழங்கால் நின்றது. "நம்ம டீச்சர் அக்கா கேட்டாம்மா" என்றார். "அவளுக்குக் குழந்தை இல்லை. ஃபோன் பண்ணி அழுதா. என்னால முடியாதுன்னு சொல்ல வாய் வரலை."

இந்த வார்த்தையை அவர் மனைவியிடம் கையால் சொல்லவில்லை. தரையைப் பார்த்து, வாயால், அம்மாவிடம் சொன்னார். ஆனால் வெளித்திரைக்குள் பெரியவளின் கைகள் அசைந்துகொண்டே இருந்தன. அந்த அறையில் யார் எதைச் சொன்னாலும் அவள் தங்கையிடம் சேர்ப்பாள். இதையும் சேர்த்தாள்.

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் ஃபிலிம்காரருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது, அது முகத்தில் அப்படியே தெரிந்தது. அப்புறம் அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"நான் குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் பெரியவள்.

அதைச் சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல் எட்டிப் பார்த்ததை ஃபிலிம்காரர் கவனித்தார். பின்னறைக் கட்டில் ஞாபகம் அவருக்கும் வந்தது. சரிதான், கூட்டிக்கொண்டு போய்விடலாம், போன் செலவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டிப் பக்கமாக நகர்ந்தார்.

"நான் போறது..." குரல் தடுக்கியது. "எங்க அக்கா வீட்டுக்கு..."

"அதானே பாத்தேன்!" என்றார் அம்மா. "எல்லாம் அவ ஏற்பாடு!"

குரல் வரவில்லை. ஃபிலிம்காரர் குனிந்து பார்த்தார். லைன் அறுபடவில்லை. பெரியவள் திரையில் இருந்தாள், வாய் பாதி திறந்திருந்தது. சின்னவள் போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சொன்னதையே திரும்பச் சொன்னாள், இந்தத் தடவை நிதானமாக. அவருக்குச் சைகை அரைகுறைதான். அந்தக் கடைசி அசைவு மட்டும் தெரியும். அது 'இல்லை'.

எத்தனையோ பேருடைய நோயை, விவாகரத்தை, சண்டையை ஒரு வார்த்தை விடாமல் சொன்ன வாய் அது. இங்கே வந்து நின்றுவிட்டது. சொல்லிடும்மா, என்று அவர் மனதுக்குள் கெஞ்சினார். சொல்லாட்டி நீயும் போனைக் கூரைக்குத் திருப்பின மாதிரிதான்.

"எங்க அக்கா வீட்டுக்கும் இல்ல" என்றாள் பெரியவள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. "அவளும் என்னைக் கேக்கறதில்ல. இந்த போன் எனக்கு வேணுமான்னு கேக்கலை. ரூமைக் காலி பண்ணி போட்டோ அனுப்பறா, நான் வரேன்னு சொன்னேனா? போன வாரம் இந்தக் கூடத்துல நின்னு எனக்காகக் கத்தினாளாம். நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கூப்பிடலை. இவர் என் பேச்சைக் குறைக்கறார். அவ என் பேச்சைக் கூட்டறா. நடுவுல நான் என்ன சொன்னேன்னு யாருக்கும் தெரியாது."

தன்மேல் விழுகிற அடியைத் தானே எண்ணிச் சொல்வதுபோல அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்தாள். குரல் உடைந்தது, ஆனால் எதையும் விடவில்லை. ஃபிலிம்காரருக்குக் கண் கரித்தது. கல்யாணமான நாளிலிருந்து தன் மனைவியை அவர் இவ்வளவு மதித்ததில்லை. இவ்வளவு பரிதாபப்பட்டதும் இல்லை.

"வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். எங்கன்னு இப்பச் சொல்ல மாட்டேன். யாரும் பின்னாடி வர வேண்டாம்."

சின்னவளின் கைகள் இறங்கின. போனை எடுத்து மடக்கித் தோள்பையில் போட்டாள். வேண்டுமா என்று அவளைக் கேட்காமல் வாங்கின போன்தான், ஆனாலும் எடுத்துக்கொண்டாள். ஏன் என்று ஃபிலிம்காரருக்கு விளங்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றி, குல்லாயை அதன் தலையில் மாட்டி, பெட்டியைத் தூக்கினாள்.

மருந்துக்கடைக்காரர் பாய்ந்து அவள் எதிரே வந்து கைகளை வேகமாக அசைத்தார். எங்கே, எதற்கு, கொஞ்சம் நில்லு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்காதவளிடம் கையால் எதையும் சொல்ல முடியாது. அவர் கை அந்தரத்தில் நின்றது.

அம்மா மட்டும் "பாத்துப் போம்மா" என்றார். யார் காதில் விழும் என்று நினைத்துச் சொன்னாரோ.

ஃபிலிம்காரர் வராந்தா வரைக்கும் பின்னாலேயே வந்தார். வர வேண்டாம் என்றதும் ஞாபகம் வந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அப்போதுதான் கேட்டது. தோள்பைக்குள் லைன் இன்னும் உயிரோடு இருந்தது.

"என்னங்க? ஒரே இருட்டா இருக்கு. என்ன ஆச்சு? அவ எங்க?"

குழந்தை தலையைத் திருப்பிப் பையைப் பார்த்தது.

"பெரிம்மா" என்றது, பளிச்சென்று.

உள்ளே கூடத்தில் எல்லோர் காதிலும் அது விழுந்தது. அம்மா வாசலுக்கு ஓடி வந்தார். சின்னவளுக்கு மட்டும் தெரியவில்லை. குழந்தை அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, பையைக் காட்டியது. அவள் பையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, அப்புறம் என்றா, ஃபிலிம்காரருக்குப் புரியவில்லை. லிஃப்ட் திறந்தது. உள்ளே போனாள். கதவு மூடியது.

மூடிய கதவுக்குப் பின்னால் பெரியவளின் குரல் மாடி மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அடியே, இப்பப் பேசறது நான்டி. உன் அக்கா. கேக்குதா?"